அவன் பைலைன், என் வரி

"அது உங்க கருத்து சார். பைலைன் என் பேர்லதான் வருமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டான். எங்கள் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிற பையன் அவன்; அவன் மேட்டரைத் திருத்துகிறவன் நான். பைலைன் என்றால் எழுதியவர் என்று அச்சாகிற பெயர். "பேர் இல்லாம விமர்சனம் போடுற வழக்கம் இல்லப்பா" என்றேன். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது.

2018 மார்ச், ராட்சத ரோபோக்கள் சண்டை போடுகிற 'பசிபிக் ரிம்' படத்தின் இரண்டாம் பாகம் 'பசிபிக் ரிம்: அப்ரைசிங்' வெளியான வெள்ளிக்கிழமை. பக்கம் முடிக்க நாற்பது நிமிஷம் இருந்தது. அவன் மேட்டரில் இப்படி ஒரு வரி: "முதல் பாகத்தில் மழையும் இருட்டும் மறைத்த ரோபோக்களை இதில் பட்டப்பகலில் தலை முதல் கால் வரை பார்க்கலாம். அதற்காகவே போகலாம்." அதை அடித்துவிட்டு, "வெளிச்சத்துக்கு வந்ததும் ராட்சத இயந்திரங்கள் பொம்மைகளாகிவிட்டன. கனமே இல்லை" என்று எழுதினேன்.

இப்போதும் அந்த வரியை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2013இல் கில்லெர்மோ டெல் டோரோ எடுத்த முதல் படத்தில் ஒரு குத்து விழவே நேரம் பிடிக்கும். கை பின்னால் போகும், ஒரு கணம் நிற்கும், அப்புறம்தான் வரும். அந்தத் தாமதத்தில்தான் கனம் இருக்கிறது. தோளிலிருந்து அருவியாக வழிகிற மழைத் தண்ணீரை வைத்துத்தான் உயரத்தை நம்புகிறோம். குதித்து ஓடுகிற ரோபோவை எத்தனை மாடி உயரத்துக்கு வரைந்தாலும், உள்ளே ஓர் ஆள் உடை மாட்டிக்கொண்டு ஓடுவதுபோலத்தான் தெரியும். இரண்டாம் பாகத்தை இயக்கிய ஸ்டீவன் டிநைட்டுக்கு அதுதான் முதல் சினிமா. டெல் டோரோ தயாரிப்பாளர்களில் ஒருவராக மட்டும் நின்றுகொண்டார். அதே மாதத் தொடக்கத்தில் வேறொரு படத்துக்கு ஆஸ்கர் வாங்கியிருந்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

படத்தைத்தான் பார்த்திருக்கவில்லை.

டிரெய்லர் பார்த்திருந்தேன். ரோபோ எப்படி நகர்கிறது என்று சொல்ல அது போதும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது டோக்கியோ சண்டை முழுக்க என் வரி சரியாகத்தான் இருந்தது. நிம்மதிதான். ஆனால் ஏற்கெனவே அச்சாகிவிட்ட வரியை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு வேறென்ன தெரிந்திருக்கும்? வசூலும் என் பக்கம்தான் பேசியது. முதல் படத்துக்கு உலகம் முழுக்கச் சுமார் 41 கோடி டாலர், இதற்கு 29 கோடி. இதை அவனிடம் ஒருநாள் சொல்லிக்கூடக் காட்டினேன். என்ன தேவைக்குச் சொன்னேனோ. தலையாட்டினான்.

அவன் மேட்டரிலிருந்து இன்னொரு பத்தியையும் எடுத்திருந்தேன். முதல் படத்தைத் தாங்கிய மாக்கோ மோரியை இதில் சீக்கிரமே ஹெலிகாப்டரோடு விழவைத்துக் கொன்றுவிடுகிறார்கள்; புது நாயகன் துக்கப்பட ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக அவளைச் செலவழித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தான். கதையை உடைக்கக் கூடாது என்று தூக்கிவிட்டேன். விதி அதுதான், தப்பில்லை. பெயரைச் சொல்லாமல் இரண்டு வார்த்தை மாற்றி வைத்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது, அவனும் ஏமாந்துதான் திரும்பியிருக்கிறான். நான் ஏமாந்த இடத்தில் ஏமாறவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் இப்படித்தான் அடித்துத் திருத்தினார்கள், அதில்தான் கற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் இருக்கிறேன். என்னைத் திருத்தியவர்கள் படம் பார்த்துவிட்டுத் திருத்தினார்களா என்று நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவன் மேட்டரில் நான் கைவைக்க வேண்டியே வரவில்லை. தாமதம், கனம் எல்லாம் நான் எழுதுகிற மாதிரியே வந்து விழுந்தன. பையன் தேறிவிட்டான் என்று ஆசிரியரிடம் நானே சொன்னேன். 'அதற்காகவே போகலாம்' என்று மட்டும் அவன் எந்தப் படத்துக்கும் மறுபடி எழுதவில்லை.