தடுப்பாட்டக்காரர் வளர்த்த தாக்குதல் அணிகள்

சிலி நாட்டின் மனுவேல் பெல்லெக்ரினி 1973 முதல் 1986 வரை உனிவெர்சிதாத் தே சிலே என்ற ஒரே கால்பந்து அணிக்காக மட்டும் ஆடிய தடுப்பாட்டக்காரர். அந்த ஆட்டங்களுக்கு இடையிலேயே குடிசார் பொறியியல் படித்து 1979இல் பட்டமும் பெற்றதால், 'இஞ்சினியர்' என்ற பட்டப்பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. படித்தது என்னவோ தம் அணியின் பரம எதிரியான அணி பிறந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில்! கோப்ரெசால் அணியுடனான ஓர் ஆட்டத்தில், கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்துக்காகத் தாம் எகிறியபோது, இளைஞரான இவான் சமோரானோ தம்மைவிட உயரமாக எழும்பித் தலையால் முட்டிக் கோலடித்ததைக் கண்டதும் ஓய்வு பெற முடிவெடுத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பயிற்சியாளராக அவருடைய தொடக்கம் படுமோசம். 1988இல் அவர் பொறுப்பேற்ற சொந்த அணியே, தன் வரலாற்றில் முதன்முறையாக, இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பின்னர் ஈக்குவடோரிலும் அர்ஜென்டினாவிலும் லீக் பட்டங்களை வென்ற பிறகே 2004இல் ஸ்பெயினின் வில்லார்ரியால் அவரை அழைத்தது.

ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் அச்சிற்றூரின் அணி, 2006இல் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதிவரை சென்று, ஆட்டம் முடியும் தறுவாயில் தன் வீரர் ரிக்கெல்மே அடித்த பெனால்டியை இங்கிலாந்தின் ஆர்செனல் அணிக் கோல்கீப்பர் லேமன் தடுத்ததால் வெளியேறியது. 2013இல், அதே போட்டியில், அவர் பயிற்சியளித்த இன்னொரு ஸ்பெயின் அணியான மலகாவுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அணியுடன் அதன் ஊரில் நடந்த காலிறுதியில் 90 நிமிடம்வரை 2-1 என முன்னிலையில் இருந்த அந்த அணி, அதற்குப் பின் இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்துத் தோற்றது. கடைசி கோல் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி விதிக்குப் புறம்பான இடத்தில் நின்று அடித்தது) என்று பலரும் இன்றுவரை குமுறுகிறார்கள். மலகாவின் இரண்டாவது கோலும் ஆஃப்சைடுதான் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

என்னை வியக்கவைப்பது, கோலைக் காப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் கோலடிப்பதையே நோக்கமாகக் கொண்ட அணிகளை உருவாக்கியதுதான். 2009-10 பருவத்தில் ரியல் மாட்ரிட் அவருடைய பயிற்சியில் 102 லீக் கோல்களும் 96 புள்ளிகளும் பெற்றும், 99 புள்ளிகள் எடுத்த பார்சலோனாவுக்குப் பின்னால் நின்றது. அந்த ஒரே பருவத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து மான்செஸ்டர் சிட்டியிலும் அதே 102 கோல்கள். ஆனால் இம்முறை பட்டம் கிடைத்தது, இங்கிலாந்து லீக்கை வென்ற முதல் ஐரோப்பியரல்லாத பயிற்சியாளர் என்ற பெருமையும் சேர்ந்தது.

2020இல் ஸ்பெயினின் ரியல் பெட்டிஸ் அணிக்கு வந்தவர், 2022இல் பெனால்டிகளில் வலென்சியாவை வீழ்த்தி, 17 ஆண்டுகளுக்குப் பின் அந்த அணிக்கு ஸ்பெயின் மன்னர் கோப்பையைப் பெற்றுத்தந்தார். 2025இல் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் செல்சி அணிக்கு எதிராக இடைவேளையில் 1-0 என முன்னிலையில் இருந்த பெட்டிஸ் 4-1 எனத் தோற்றபோது, மலகாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டிய பின்னும் முன்னிலையைப் பூட்டிவைக்கும் கலையில் அவருக்குப் பெரிய ஆர்வம் வந்ததாகத் தெரியவில்லை. நடுநிலை ரசிகனாகிய எனக்கு அதில் வருத்தமும் இல்லை.