அப்பாவின் கோப்புகளும் லினக்ஸும்

அக்டோபர் 18, 2025, சனி

எங்கள் வீட்டு மேசைக்கணினி 2013இல் வாங்கியது. அதில் இருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் இம்மாதம் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. அடுத்த பதிப்போ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத இந்தக் கணினியில் முறைப்படி ஏறாது. திரையும் விசைப்பலகையும் வன்தட்டும் நல்ல நிலையில் இருக்கும்போது, மென்பொருள் கைவிட்டுவிட்டது என்பதற்காக ஒரு கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தீபாவளி விடுமுறையில், லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22.2ஐ நிறுவ முடிவு செய்தேன். 4 ஜிபி நினைவகத்துக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 2029 வரை திருத்தங்களும் வரும்.

அக்டோபர் 21, செவ்வாய்

பதிவிறக்கிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. பென் டிரைவில் எழுதுவதற்கு முன், அதன் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டவர்கள் தந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்; இரண்டும் பொருந்தின. பலர் இதைத் தவிர்க்கிறார்கள், ஆனால் வழியில் சிதைந்த கோப்பை நிறுவிவிட்டுப் பின்னர் காரணம் தெரியாமல் தவிப்பதைவிட இந்த இரண்டு நிமிடங்கள் மேலானவை. எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கியபோது, திரை, ஒலி, வைஃபை மூன்றும் வேலை செய்தன.

அக்டோபர் 26, ஞாயிறு

பழைய வன்தட்டில் இருந்த அனைத்தையும் வெளித்தட்டில் இரண்டு பிரதிகளாக எடுத்த பிறகே நிறுவினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. கணினியின் நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் டைம்ஷிஃப்டையும் உடனே அமைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

தமிழ்த் தட்டச்சு ஒரு வாரம் தொல்லை தந்தது. விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்நெட்99 என்ற பெயரில் இருந்த தமிழ்99 விசைமுறையைச் சேர்த்தேன். எழுத்துகள் வந்தன, ஆனால் ககரத்தை இருமுறை தட்டினால் ‘க்க’ என்று வராமல் ‘கக’ என்றே வந்தது. தமிழ்99 முறையின் அழகே தானாக விழும் அந்தப் புள்ளிதான். காரணம் பின்னர் விளங்கியது: அந்த அமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும், முன்னர் தட்டிய எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளாது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையை நிறுவி, அதில் பல மொழி விசைமுறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பின் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்ததும் புள்ளி முறையாக விழுந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட அந்த விதிகள் இங்கே பிசகின்றி இருந்தன.

நவம்பர் 9, ஞாயிறு

இந்த மாற்றத்தில் நான் உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தது அப்பாவின் கோப்புகளைப் பற்றித்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவர், 2001 முதல் 2005 வரை காவிரிப் படுகை உழவர்களின் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்தவர். சேடை, பொலி, தாளடி, மடை என்று சொல்லும் விளக்கமுமாக 186 உரைக்கோப்புகள். இன்று திறந்தால், புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளே வரிவரியாகத் தெரிகின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதியவை என்பதால், அவற்றில் பெரும்பாலானவை திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில், இருக்கின்றன. முன்பு அதற்குரிய எழுத்துரு கணினியில் இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தால் படிக்கலாம். அந்த எழுத்துரு எப்போதோ தொலைந்துவிட்டது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

லினக்ஸில் ஐகான்வ் என்றொரு கட்டளை உண்டு. ஒரு குறியாக்கத்தில் உள்ள உரையை வேறொன்றுக்கு மாற்றித் தரும். அது அறிந்த குறியாக்கங்களின் நீண்ட பட்டியலை முனையத்தில் வரவழைத்துத் தேடினேன். திஸ்கி அதில் இருந்தது. நான் எதையும் புதிதாக நிறுவவில்லை. மூன்று வாரங்களாக அது இந்தக் கணினியிலேயே இருந்திருக்கிறது. முதல் கோப்பை மாற்றித் திறந்தபோது, ‘பொலி: களத்தில் தூற்றிக் குவித்த நெல்’ என்ற வரி முழுத் தமிழில் எழுந்து நின்றது. சற்று நேரம் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

மாலைக்குள் எல்லாவற்றையும் ஓட்டினேன். 169 கோப்புகள் சுத்தமாக மாறின. ஆறு கோப்புகள் பாதியில் நின்றன. திஸ்கி அட்டவணையில் இடமில்லாத ஏதோ ஒரு பைட்டு நடுவில் கிடந்தது. அத்தகையவற்றை விட்டுவிட்டு மேலே செல்லச் சொல்லும் வசதி இருக்கிறது, ஆயினும் நான் அதைப் பயன்படுத்தவில்லை; எது உதிர்ந்தது என்று தெரியாமலே ஒரு சொல் போய்விடக்கூடும். ஒவ்வொன்றையும் பைட்டு பைட்டாகத் திறந்து பார்த்துக் கையால் திருத்தினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இது எப்படி நடக்கிறது என்று அறிய விரும்பி, ஐகான்வின் மாற்றிகள் அடங்கிய ஜிஎன்யூ சி நிரலகத்தின் மூலநிரலை இறக்கிப் பார்த்தேன். திஸ்கிக்கென்று அதில் தனிக்கோப்பே இருக்கிறது. 2002இல் புரூனோ ஹைபிள் எழுதியது என்று தலைப்பில் குறித்திருக்கிறார்கள். எனக்கு நிரல் எழுத வராது, ஆனால் இடையிடையே உள்ள விளக்கங்கள் புரிந்தன. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படும்: ‘பொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு பகரம், பிறகு கால். யூனிகோடில் பகரம் முதலில், அதன் பிறகே ஒகரக் குறி. ஆகவே கொம்பைக் கண்டதும் அதைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து வந்த பின் அதற்கும் பின்னால் காலும் வருகிறதா என்று பார்த்தே இடம் மாற்ற வேண்டும். ‘கு’, ‘கூ’ போன்றவை திஸ்கியில் ஒற்றைக் குறிகள். அவற்றைப் பிரித்து எழுத வேண்டும். இவ்வளவையும் ஒருவர் பொறுமையாகச் சிந்தித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வைத்திருக்கிறார். என் அப்பா சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் எழுதப்பட்டது அது என்பதை நினைக்கும்போது நன்றி பெருகுகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

அப்பாவை அழைத்து உட்கார வைத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு மணி நேரம் பேசாமல் படித்தார். பிறகு, “சேடைக்கு நான் எழுதினது பாதிதாம்மா இருக்கு, மீதியை இப்பவே சேர்த்துடறேன்” என்றார். தட்டச்சில் முதுநிலை தேறியவர், தமிழ்99 அவருக்குப் பழக்கமில்லை. ஐபஸ் பட்டியலில் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் இருந்ததால் அதைச் சேர்த்துக் கொடுத்தேன்.

மிச்சமிருக்கும் 11 கோப்புகள் திஸ்கி அல்ல. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிவதைப் பார்த்தால் பாமினி எழுத்துருவில் எழுதியவை போலும். ஐகான்வுக்கு அது தெரியாது. ஓபன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகத்தில் பாமினிக்கு மாற்றி இருக்கிறது. அதை இன்று இறக்கி வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் கணினியை விட்டு எழவில்லை.