குதிரையைச் சினைக்கு விடும் முன் முடி பிடுங்கி அனுப்பிய கதை

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். பெயிண்ட் குதிரை (உடம்பில் வெள்ளைத் திட்டு வரும் அமெரிக்க இனம்) ஒன்று வாங்கியிருக்கிறாராம், அடுத்த வருடம் குட்டி எடுக்க ஆசையாம், அதற்கு முன்னால் ஏதோ டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களே, அதெல்லாம் காசு பிடுங்குகிற வேலைதானே என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே வெதர்ஃபோர்ட் பக்கம். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை, மனைவி குழந்தைகள் வார்டில் நர்ஸ், ஐந்து ஏக்கர் நிலம், அதில் ஒரு கொட்டகை. மகள் ஏறிப் பழகட்டும் என்று வாங்கியதுதான் எங்கள் பெட்டைக் குதிரை. ஊர்ப் பேச்சில் சொன்னால் நல்ல செவலை. நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் அகலமான வெள்ளைப் பட்டை, பின்னங்கால் ஒன்றில் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான். அப்பாவுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். அவர் அந்தியூர்க்காரர், ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளையும் மாடுகளையும் பார்த்தே வளர்ந்தவர். விலை கேட்கவில்லை, வயது கேட்கவில்லை, முதல் கேள்வியே "சுழி பார்த்தியாடா?" என்பதுதான். இல்லப்பா, இங்கே அதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றேன். அப்புறம் எதைப் பார்த்து வாங்குவார்கள் என்றார். பேப்பரைப் பார்த்து என்றேன், பெருமையாக.

அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே அப்போது சரியாகப் புரியவில்லை என்பது வேறு விஷயம். பெயிண்ட் குதிரைகளைப் பதிவு செய்யும் சங்கத்தின் தலைமையகம் ஃபோர்ட் வொர்த்திலேயே இருக்கிறது. பெற்றோர் பெயிண்டாக இருந்தாலும் உடம்பில் போதுமான வெள்ளைத் திட்டு இல்லாத குட்டியை அவர்கள் 'சாலிட் பெயிண்ட்-பிரெட்' என்று தனியாகப் பதிவார்கள். எங்கள் குதிரை அந்த வகை. சாலிட் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் இதற்குள் வெள்ளைச் சமாச்சாரம் எதுவும் இல்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

நாற்பது மைல் தள்ளி ஒருவரிடம் அழகான பொலிக்குதிரை இருந்தது. இரண்டு விலாவிலும் கிழிந்த துணி மாதிரி வெள்ளை, முதுகுத்தண்டு முழுக்க அடர்நிறம், முகம் மொத்தமும் வெள்ளை, ஒரு கண் நீலம். இந்த அமைப்பை இங்கே 'ஃபிரேம் ஓவேரோ' என்பார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெள்ளையைச் சுற்றி நிறத்தால் சட்டம் அடித்த மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். மகளுக்கு ஒரே ஆசை. முன்பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்துப் பண்ணையில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் இருக்கிறார், குதிரையோடே வாழ்ந்தவர். சும்மா வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது பொலிக்குதிரையின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, உன் குதிரைக்கு லீதல் ஒயிட் டெஸ்ட் எடுத்தாயா என்றார். எங்களுடையதுதான் ஒற்றை நிறமாயிற்றே என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டில் முன்பு பிறந்த ஒரு குட்டியைப் பற்றிச் சொன்னார். அந்த டெஸ்டே இல்லாத காலம். ராத்திரி பிறந்தது, பால் மாதிரி வெள்ளை, நீலக் கண், ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று சீம்பால் குடித்திருக்கிறது. வீடே கூடி நின்று பார்த்திருக்கிறார்கள். மறுநாள் மதியம் வயிறு உப்பி, தரையில் உருண்டு, காலை உதைத்துக்கொண்டு கிடந்ததாம். பிறந்ததிலிருந்து லத்தியே போடவில்லை. எனிமா கொடுத்தும் வெறும் தண்ணீர்தான் திரும்பி வந்தது. சாயங்காலம் மருத்துவர் வந்து ஊசி போட்டு முடித்துவைத்தார். தாய்க்குதிரை மூன்று நாள் கத்தியது என்றார். அவ்வளவு வருடம் கழித்தும் அந்த இடத்தில் அவருக்குப் பேச்சு நின்றது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கரு வளரும்போது ஒரு வகை செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவுகின்றன. அதில் ஒரு பகுதி தோலுக்குப் போய் நிறம் தருகிறது, இன்னொரு பகுதி குடலுக்குப் போய் அதை அசைக்கும் நரம்பாகிறது. அந்தப் பயணத்துக்கு ஈடிஎன்ஆர்பி என்ற மரபணு வேண்டும். அதில் வரும் ஒரு மாற்றத்தை 1998-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருந்தால் குதிரைக்கு எந்த நோயும் இல்லை, பெரும்பாலும் ஃபிரேம் வெள்ளை வரும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் மாறியிருந்தால் தோலுக்கும் செல் போகவில்லை, குடலுக்கும் போகவில்லை. குட்டி வெள்ளையாகப் பிறக்கும், குடல் அசையாது. மனைவியிடம் சொன்னபோது, இது எங்கள் வார்டில் பார்க்கிற ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் மாதிரியே இருக்கிறதே என்றாள். மனிதக் குழந்தைக்கு நரம்பில்லாத குடல் பகுதியை வெட்டியெடுத்துத் தைத்துவிடுகிறார்கள். குதிரைக்குட்டிக்கு அந்த வழி இல்லை.

என் ஒற்றை நிறக் கணக்கு இங்கேதான் உதைத்தது. ஒரு பிரதி வைத்திருக்கும் குதிரை எல்லாமே வெளியே காட்டிக்கொள்வதில்லை. சிலவற்றில் முகத்தில் கொஞ்சம் அகலமான வெள்ளையோடு நின்றுவிடும். இல்லையென்றால் முதுகைத் தாண்டி வெள்ளை வரும் டோபியானோ மாதிரி வேறொரு அமைப்பு மேலே வந்து இதை மூடிவிடும். சாலிட் என்று பதிவான குதிரையிலும் இருக்கலாம், குவார்ட்டர் என்ற இன்னொரு அமெரிக்க இனத்துக் குதிரையிலும் இருந்திருக்கிறது.

சரி, டெஸ்ட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கால்நடை மரபணு ஆய்வகம் இருக்கிறது, அங்கே அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். ஆன்லைனில் குதிரையின் பெயர், பதிவு எண், என்ன டெஸ்ட் என்று நிரப்பிப் பணம் கட்டினால் ஒரு படிவம் வரும், அதை அச்சடித்து முடியை ஒட்டி அனுப்ப வேண்டும். ரத்தம் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். செலவு இரண்டு மூட்டை தீவனத்தின் விலைகூட இல்லை.

இதில் நான் சொதப்பினேன். பிடரியிலிருந்து கத்தரிக்கோலால் அழகாக ஒரு கற்றை வெட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். மாதிரி போதாது, மறுபடி அனுப்பு என்று பதில் வந்தது. முடியின் அடியில் இருக்கும் வேரில்தான் அவர்களுக்கு வேண்டிய டிஎன்ஏ இருக்கிறது, வெட்டிய முடி எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. படிவத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் படிக்காமல் விட்டது நான்தான். பிளாஸ்டிக்கும் தப்பு, ஈரம் கோத்துக்கொள்ளும். இரண்டாம் முறை நாலைந்து முடியாக விரலில் சுற்றி, தோலுக்குப் பக்கத்தில் பிடித்து, வெடுக்கென்று இழுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நுனியில் சின்னக் கடுகு மாதிரி வேர் தெரியும். அப்படி முப்பது முடி. பாவமாக இருந்தது, ஆனால் அது வைக்கோலை மென்றபடியே நின்றது. இங்கே பிடரியை மெலிதாக்குவதற்கே இப்படித்தான் பிடுங்குவார்களாம். இன்னொன்று, சீப்பிலோ பிரஷ்ஷிலோ சிக்கியிருக்கும் முடியை எடுத்து அனுப்பாதீர்கள், அது எந்தக் குதிரையுடையதோ யாருக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. என்/ஓ. என் என்றால் சாதாரணப் பிரதி, ஓ என்றால் மாறிய பிரதி. அதாவது மாறிய பிரதி ஒன்று இருக்கிறது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

பொலிக்குதிரைக்காரருக்குப் போன் செய்தேன். அவருடையதும் என்/ஓ-தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. நான்கில் ஒன்றுதானே, மூன்று நல்ல குட்டிக்கு வாய்ப்பு இருக்கிறதே என்றார் சாதாரணமாக. நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு ஈற்றுக்கும் தனித்தனி. தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் ஞாபகம் இருக்காது, முதல் குட்டியிலேயே அது விழலாம். அதைவிட என்னை உறுத்தியது அவர் அனுப்பியிருந்த ஒப்பந்தம். 'உயிருள்ள குட்டிக்கு உத்தரவாதம்' என்று முதலில் படித்தபோது ஆறுதலாக இருந்தது. டெஸ்ட் முடிவுக்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். உயிருள்ள குட்டி என்றால், எழுந்து நின்று பால் குடித்த குட்டி என்று விளக்கம் போட்டிருந்தது. அந்த அம்மாள் வீட்டுக் குட்டியும் எழுந்து நின்று பால் குடித்ததுதானே? பதினோரு மாதம் சுமந்து பெற்று, மறுநாள் குழி தோண்டினாலும் ஒப்பந்தப்படி அவர் கடமை முடிந்தது. மற்ற இடங்களிலும் கேட்டுப் பார்த்தேன், இந்த வாசகம் சர்வ சாதாரணம். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

இதற்குள் சிலர் குதிரையை விற்றுவிடு என்றார்கள். எதற்கு? அதற்கு ஒரு நோயும் இல்லை. ஓ இல்லாத பொலிக்குதிரையோடு சேர்த்தால் செத்துப்போகும் வெள்ளைக்குட்டி பிறக்க வழியே இல்லை, பாதிக்குப் பாதி ஒரு பிரதி போகும், அவ்வளவுதான்.

அதனால் வேறு பொலிக்குதிரை தேடினோம். இந்தத் தடவை வாய்ப்பேச்சை நம்பவில்லை. ரிப்போர்ட்டின் நகலை அனுப்பச் சொல்லி, அதிலுள்ள பதிவு எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தேன். ஒருவர் கடைசிவரை நகல் அனுப்பவே இல்லை, அவரை விட்டுவிட்டோம். கடைசியில் கிடைத்தது ஒரு டோபியானோ, இந்த மரபணுவில் என்/என். குவார்ட்டர் ரத்தம் கலந்த குதிரைகளுக்கு எடுக்கும் ஹெர்டா, ஜிபெட் உள்ளிட்ட மற்ற பரம்பரை நோய்களுக்கான டெஸ்டுகளையும் இரண்டுக்கும் சரிபார்த்தோம், அங்கே சிக்கல் எதுவும் இல்லை.

மே மாதம் சினை ஊசி போட்டோம், இரண்டாவது பருவத்தில்தான் பிடித்தது. பிறகு காத்திருப்புதான். அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்குக் குட்டி வந்தது, பெட்டை. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது வெள்ளை மட்டும்தான். நஞ்சுப்பை விலகி செவலைத் திட்டுகள் கண்ணில் படும் வரைக்கும் எனக்கு மூச்சே வரவில்லை. வாய்ப்பே இல்லை என்று பேப்பர் சொல்கிறது, அந்தப் பேப்பரை நானே பத்துத் தடவை படித்திருக்கிறேன், இருந்தும் மனசு கேட்கவில்லை. எழுந்து நின்றது, பால் குடித்தது. ஆனாலும் நானும் மனைவியும் கொட்டகையை விட்டு நகரவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் கறுப்பாக, பிசுபிசுவென்று முதல் லத்தி போட்டது. மனைவி கைதட்டினாள். மகள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தாள்.

குட்டிக்கு மூன்று மாதமானதும் அதற்கும் முடி பிடுங்கினோம். குட்டியின் பிடரி பஞ்சு மாதிரி, வேரோடு வராது, வாலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. முடிவு என்/ஓ. தாயிடமிருந்து வந்திருக்கிறது, டோபியானோவுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது, பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாளை நகலெடுத்துப் பதிவுச் சான்றிதழோடு ஒரே கவரில் போட்டிருக்கிறேன், விற்கிற நாள் வந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

அப்பாவுக்கு இதையெல்லாம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். சரிடா, குட்டிக்கு நெற்றிச் சுழி ஒன்றா இரண்டா, கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு என்றார். நேற்றிலிருந்து முயற்சி செய்கிறேன், அது ஒரு நொடிகூடத் தலையை ஆட்டாமல் நிற்க மாட்டேன் என்கிறது.