சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்: துறை கிடைத்தது, வேலை போனது

அமெரிக்காவில் இனவியல் படிப்பு (கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மை இனங்களின் வரலாறு, பண்பாட்டைப் படிப்பது) எப்படி வந்தது என்றால், 1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியம். 1966 வாக்கில் அங்கே மாணவர் பேரவைப் பணத்தில் ‘சோதனைக் கல்லூரி’ நடந்தது. பாடத்தை மாணவரே வகுக்கலாம். பட்டத்துக்குக் கணக்கில் சேர வேண்டுமானால் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். சிக்கலே அங்கேதான். பொறுப்பேற்க ஆளில்லை என்றால் அது வெறும் பேச்சு வகுப்பு. கறுப்பின வரலாறு, இலக்கியப் பாடங்கள் இங்கேதான் வேர்பிடித்தன. அதனால்தான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் தனித்துறையோடு, ஆசிரியரை நியமிக்கும் உரிமையையும் கேட்டார்கள்.

கறுப்பின மாணவர் சங்கம் 10, சிறுபான்மை இன மாணவர் அமைப்புகளின் கூட்டணியான மூன்றாம் உலக விடுதலை முன்னணி 5, ஆக 15 கோரிக்கைகள். பேரமே கிடையாது என்றார்கள். கல்லூரியின் தற்காலிகத் தலைவர் ஹயகாவா டிசம்பர் 2 அன்று போராட்டக்காரர்களின் பிரசார வண்டிமேல் ஏறி ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கினார். தொலைக்காட்சி அவரை நாயகனாக்கிவிட்டது! ஜனவரியில் ஆசிரியர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதே மாதம் 23 அன்று ஒரே கூட்டத்தில் 400 பேருக்கு மேல் கைது.

1969 மார்ச் உடன்பாட்டில் கல்லூரிக்குள்ளேயே இனவியலுக்கெனத் தனிப் புலம் (School of Ethnic Studies) கிடைத்தது. ஆனால் எந்த ஆசிரியரின் பணி இடைநீக்கம் போராட்டத்துக்குப் பொறியாக இருந்ததோ, அந்த ஜார்ஜ் மர்ரேவுக்கும், கறுப்பினப் படிப்பை வடிவமைத்த நேதன் ஹேருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.