கஷாயம், சூரணம், லேகியம்: எது எது?

நாட்டு மருந்துப் பெயர்களை நாம் ரொம்ப அலட்சியமாகக் கலந்து பேசுகிறோம். எந்த இலையைக் கொதிக்க வைத்தாலும் கஷாயம் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் இலையைத் தண்ணீரில் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கினால் அது கஷாயம் ஆகாது, மூலிகையை இடித்துப் போட்டு, ஊற்றிய தண்ணீர் நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ சுண்டும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். சித்த மருத்துவத்தில் இதற்குக் குடிநீர் என்று பெயர். நிலவேம்புக் குடிநீர் என்றால் நிலவேம்பு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் நிறைய பேர், அதில் வெட்டிவேர், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு என்று மொத்தம் 9 சரக்குகள் சேரும்.

சூரணம் என்பது காய்ந்த சரக்கை இடித்துத் துணியில் சலித்த பொடி. அதையே பாகில் போட்டு நெய், தேன் விட்டுக் கிளறினால் லேகியம். பச்சை இலையை அரைத்த விழுதைக் கற்கம் என்பார்கள்.

எனக்குப் பிடித்த சொல் அனுபானம். மருந்தை எதில் குழைத்துச் சாப்பிடுகிறோமோ, தேனோ பாலோ வெந்நீரோ, அதுதான். இதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் எழுதிக்கொண்டு போவது அரைகுறை வேலை.

அப்புறம், மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இருமலுக்கு நல்லதென்று பேர் வாங்கிய அதிமதுரத்தை அதிகமாக, நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.