18, 19, 21, 22

ராமேஸ்வரம் போய் வந்த இடுப்பு வலி எனக்கு இன்னும் தீரவில்லை. அப்பா அதற்குள் அடுத்த டிக்கெட்டுக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவின் பொழுதுபோக்கு பயணம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சித்தப்பாவே அப்படித்தான் நம்புகிறார். உண்மையில் அவருடைய பொழுதுபோக்கு ரயில் டிக்கெட் போடுவது. ஊருக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் தொல்லை. ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் கோயில், பேரன், நடைப்பயிற்சி என்று போனார்கள். இவர் முன்பதிவுக்குள் போனார், இன்னும் வெளியே வரவில்லை. 120 நாள் முன்னதாகவே டிக்கெட் போடலாம் என்றிருந்ததுதான் அவருடைய பொற்காலம். 2024 நவம்பரில் அதை 60 நாளாகக் குறைத்தபோது இரண்டு வேளை சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். இரண்டு வேளையும் உப்பு சரியாகத்தான் இருந்தது.

போட்ட டிக்கெட்டில் பாதிக்கு மேல் ரத்தாகிவிடும். நன்றாக முன்கூட்டியே ரத்து செய்தால் ஸ்லீப்பரில் ஆளுக்கு 120 ரூபாய்தான் பிடித்தம். அதை அவர் நஷ்டமாக நினைப்பதில்லை, தட்சிணை என்கிறார். காசி, பூரி, துவாரகை எல்லாம் எங்கள் குடும்பத்துக்கு இப்படி ஆளுக்கு 120 ரூபாயில் தரிசனம் ஆகியிருக்கிறது.

ஆனால் காசு விஷயத்தில் விட்டுக்கொடுக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம் என்று கட்டணச் சலுகை இருந்ததில்லையா? அது 2020 மார்ச்சில் நின்றது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் தனியாக ஒரு டைரி இருக்கிறது. அரசாங்கம் தனக்குத் தரவேண்டிய பாக்கியை அதில் எழுதிக்கொண்டு வருகிறார். ரத்து செய்த டிக்கெட்டுகளையும் சேர்த்து எழுதுகிறாரோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

ராமேஸ்வரம் மட்டும் ரத்தாகவில்லை. காரணம் பாம்பன் பாலம். பழைய பாலம் 1914-இல் திறந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, வண்டிகளை மண்டபம், ராமநாதபுரத்தோடு திருப்பிவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ராம நவமியன்று திறந்ததை அப்பா டிவியில் உட்கார்ந்த இடம் விட்டு அசையாமல் பார்த்தார். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே ஏறும். "லிஃப்ட் மாதிரி போகுதும்மா!" என்று என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். அன்றே முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு 22 தீர்த்தத்திலும் குளிக்க வேண்டும். அத்தைக்கு யாராவது எங்காவது கிளம்பினால் போதும்.

டிக்கெட் போடும் காலையில் எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் சொன்னேன். "அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு டிக்கெட், நானும் அத்தையும் ஒரு டிக்கெட்டுன்னு பிரிச்சுப் போடுங்க. கோட்டாவுல ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பேர் வரைக்கும்தான் லோயர் குடுக்கும்." அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் என்னவோ தனிக்குடித்தனம் கேட்டுவிட்டேன். "ஒரே குடும்பம். ஒரே டிக்கெட்."

இந்த லோயர் பெர்த் கோட்டா சங்கதி பலருக்குத் தெரியாது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. தனியாகவோ இருவராகவோ போட்டால் கம்ப்யூட்டர் கீழே இடம் தேடும். மூன்றாவது ஆள் பெயரைச் சேர்த்தால் உங்களுக்குத் துணை இருக்கிறது, மேலே ஏற்றிவிடுவார்கள் என்று அதுவாகவே நினைத்துக்கொண்டு கோட்டாவை விட்டுவிடும். (பெண்களுக்கு 45 என்றால் எனக்கே தகுதி வந்தாயிற்று. என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்து, என் ஆபீஸ் தோழிகள் வந்திருந்த நேரத்தில் சத்தமாகச் சொன்னார். அவரோடு அளவாகத்தான் பேசி வருகிறேன்.)

வந்தது 18, 19, 21, 22. அப்பாவுக்குப் படம் பார்க்க வேண்டியதில்லை. எட்டால் வகுத்து மீதி எடுப்பார். மீதி ஒன்றும் நான்கும் லோயர், இரண்டும் ஐந்தும் மிடில், மூன்றும் ஆறும் அப்பர், ஏழு சைடு லோயர், மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். 18 மிடில். 19 அப்பர். 21 மிடில். 22 அப்பர். எங்கள் நான்கு பேருக்குச் சுற்றிவளைத்து ஒரு கூபேயையே கொடுத்து, அதில் கீழே இருக்கும் 17-ஐயும் 20-ஐயும் மட்டும் கவனமாக எடுத்துவிட்டிருந்தது. 74 வயதுக்காரர், 69 வயது மனைவி, 66 வயது தங்கை, எல்லாரும் ஆகாய மார்க்கம்.

"வண்டியில பேசிக்கலாம்," என்றார் அப்பா. தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தை நம்பி ரயில் ஏறியவர்களை ஒரே ரயிலில் ஏற்ற முடியாது.

தாம்பரத்தில் ராமேஸ்வரம் போகும் போட் மெயில் ஏறினோம். 17-லும் 20-லும் பரமக்குடிக்காரர்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும். இருவரும் ஒரு டிக்கெட், விவரமானவர்கள். எதிரே சைடு லோயரில் ஒரு பாட்டி, எண்பதைத் தொட்டிருப்பார், துணைக்கு ஒரு மஞ்சள் பையும் எவர்சில்வர் தூக்கும். அவருக்கு மேலே காதில் ஒயர் மாட்டிய ஒரு கல்லூரிப் பையன்.

அப்பா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டிய அவசியமே இல்லை, பெட்டியைத் தூக்கி வந்தது நான்.

"ஸ்டென்ட் வெச்சிருக்கு சார்," என்று ஆரம்பித்தார், யாரும் எதுவும் கேட்காமலே.

வாத்தியார் சளைத்தவரில்லை. அமைதியாக வேட்டியை முழங்கால் வரை ஒதுக்கினார். இரண்டு காலிலும் நீளமாகத் தையல். "ரெண்டும் மாத்தியாச்சு."

சீட்டாட்டத்தில் ஜோக்கரை இறக்கியதுபோல ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அம்மா கழுத்துப் பட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். அதை வீட்டில் மாட்டி நான் பார்த்ததே இல்லை. வாத்தியார் மனைவி, சர்க்கரை, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும் என்றார். அத்தை தலைசுற்றல் என்றார், பிறகு அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "படுத்தாலே சுத்தும்" என்று சேர்த்துக்கொண்டார். வாத்தியார் மொபைலில் எக்ஸ்ரேயைத் தேட ஆரம்பித்தார். அப்பா, தன் ஆஞ்சியோ சிடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததற்காக என்னை முறைத்தார்.

மேலே இருந்த பையன் இதைத் தாங்க முடியாமல் ஒயரைக் கழற்றி, "அங்கிள், வேணும்னா என் பெர்த் எடுத்துக்கோங்க," என்றான். சைடு அப்பர். நல்ல பிள்ளை.

டிடிஇ வந்தார். காலியாக லோயர் இருந்தால் வயதானவர்களுக்கு மாற்றிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்பது அப்பாவுக்குத் தெரியும். அது தனக்குத் தெரியும் என்பது டிடிஇக்குத் தெரிய வேண்டும் என்று மூன்று பெட்டி தள்ளிவரை அவர் பின்னாலேயே போனார், ஸ்டென்ட் வைத்தவர். எல்லா லோயரிலும் இவரைவிட மூத்தவர்கள்தான் இருந்தார்களாம். "ரயில் முழுக்கக் கிழங்க," என்று கோபமாகத் திரும்பி வந்தார்.

சாப்பாட்டு நேரம் வந்ததும் போர்நிறுத்தம். எங்கள் புளியோதரை அந்தப் பக்கம் போனது, அவர்கள் இட்லிப்பொடி இந்தப் பக்கம் வந்தது. சாப்பிட்டு முடித்து இரண்டு பக்கமும் மாத்திரை டப்பாவைத் திறந்தபோதுதான் பந்தம் உறுதியானது. அதே சர்க்கரை மாத்திரை, அதே அளவு, அதே நிற அட்டை. "நீங்களும் இதுதானா!" ஒரே ஊர்க்காரரை வெளிநாட்டில் பார்த்தால்கூட அப்பா அவ்வளவு மகிழமாட்டார். அடுத்த முக்கால் மணி நேரம் இருவரும் பயணம் பற்றிப் பேசினார்கள். வாத்தியார் ஓய்வுக்குப் பின் போன ஊர்களைச் சொன்னார். அப்பா டிக்கெட் போட்ட ஊர்களைச் சொன்னார். ரத்து செய்ததைச் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு வாத்தியார் கொட்டாவி விட்டார். மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டினால்தான் எல்லாரும் படுக்க முடியும். மாட்டினால் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது. அப்பாவுக்குள் இருந்த அரசு ஊழியர் விழித்துக்கொண்டார். "சார், ரூல்படி ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும்தான் படுக்கை." பத்து மணிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நட்பு அங்கேயே நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பி, இருட்டில் தெரியாத விழுப்புரத்தைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பாட்டி எழுந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். செருப்பை மஞ்சள் பைக்குள் போட்டார், முந்தானையை இடுப்பில் செருகினார். "மேல எது உங்களது?"

"22," என்றேன்.

"இவங்க என் எடத்துல படுக்கட்டும்," என்று அத்தையைக் காட்டினார். நாங்கள் பதறி எழுவதற்குள் ஏணியில் கால் வைத்துவிட்டார். முதல் படி, இரண்டாவது படி, ஒரு எம்பு. மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே இரண்டு புது முழங்கால், ஒரு ஸ்டென்ட், ஒரு கழுத்துப் பட்டை, ஒரு தலைசுற்றல், எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"பாட்டி, உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றார் அம்மா, கழுத்துப் பட்டையை மெதுவாக அவிழ்த்தபடி.

"கீழ படுத்தா வர்றவன் போறவன்லாம் காலை இடிச்சிட்டுப் போவான். அதுவும் அந்த சைடு பலகை, நடுவுல இடைவெளி, முதுகுலயே முட்டும். மேல போயிட்டா ஒரு பய கேக்க மாட்டான்." அத்தையின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அங்கிருந்தபடியே பாட்டி கொஞ்ச நேரம் பேசினார். சின்ன வயசில் இதே வண்டியில் வந்தாராம். அப்போது இது தனுஷ்கோடி வரைக்கும் போகும். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அப்புறம் கொழும்பு ரயில். மாமாவைக் கப்பல் ஏற்ற வந்தது. "64 புயல்ல ஸ்டேஷனோட போச்சு எல்லாம்," என்றார். மாமா திரும்பி வந்தாரா என்று அம்மா கேட்டார். பதில் வரவில்லை. பாட்டி தூங்கிவிட்டிருந்தார்.

அப்பாவை 18-இல் ஏற்றியதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். பையன் ஒரு கால், நான் ஒரு கால். வாத்தியார் கீழிருந்து கட்டளை கொடுத்தார், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்பின் குரலில். ஒரு கட்டத்தில் அப்பா உடம்பு மேலேயும் தலை வெளியேயும் நின்றுபோய், "இப்படியே இருக்கேன், விடுங்க" என்றார். எதிரே 21-இல் அம்மா யார் உதவியும் இல்லாமல் ஏறிப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது போர்வை குலுங்கியதில் தெரிந்தது.

விடியும் முன்னால் பரமக்குடி. வாத்தியார் இறங்கும்போது அப்பாவை எழுப்பி, "சார், லோயர் காலி," என்றார். அதற்காகவே எழுப்பினார். பெரிய மனசு. அப்பா மடமடவென்று, யார் தோளும் பிடிக்காமல், 18-இலிருந்து 17-க்கு இறங்கி ஜன்னலோரம் படுத்தார். படுத்த அந்த நொடியே குறட்டை.

மண்டபம் தாண்டி வண்டி வேகம் குறைந்தபோது பெட்டி முழுக்க வாசலுக்கும் ஜன்னலுக்கும் ஓடியது. பையன் மொபைலோடு நின்றான். அத்தை யாரையோ இடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார், தலைசுற்றல் இல்லை. இரண்டு பக்கமும் கடல். பக்கத்தில் பழைய பாலம், மேலே ரோட்டுப் பாலத்தில் பஸ் நிறுத்தி ஜனங்கள் கை காட்டுகிறார்கள். பாலத்துக்கு 99 கண். அத்தனை கண்ணும் திறந்திருந்தது, அப்பாவின் இரண்டைத் தவிர.

தோளைத் தொடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"விடு. ராத்திரி பூரா தூங்கல மனுஷன். வண்டி குலுங்கறப்பல்லாம் கையை நீட்டி நீட்டிப் பாத்தாரு, நான் விழுந்துடுவேனோன்னு. அவரு கை எங்க எட்டும், நடுவுல இவ்ளோ தூரம்."

"நீங்க தூங்கலையாம்மா?"

"அவரு பாக்கறப்போ கண்ணை மூடிக்குவேன்."

பாலம் முடிந்து பாம்பன் வந்துவிட்டது. பாட்டி 22-இலிருந்து இறங்கித் தலையை முடிந்துகொண்டார். பாலத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பாத்துருக்கேன்," என்றார், பழையதைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

22 தீர்த்தமும் ஆயிற்று. வாளி வாளியாக ஊற்றியதில் அத்தைக்குச் சளி. தரிசனம், கூட்டம், தங்கின லாட்ஜில் வெந்நீர் வராத கதை, அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஊர் திரும்பியதும் சித்தப்பா ஃபோன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். 2.08 கிலோமீட்டர், 99 கண், 17 மீட்டர் மேலே ஏறும், 550 கோடிக்கு மேலே செலவு. பேப்பரில் வந்த எதையும் விடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நேர்ல பாக்கணும்டா. காத்து, அந்த அலை, வண்டி மெதுவா ஊர்றது. சொல்ல முடியாது," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபோன் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஆமா தம்பி, உங்க அண்ணன்தான் என்னை எழுப்பிக் காட்டினாரு."

அப்பா கொஞ்சம் திகைத்து அம்மாவைப் பார்த்தார். அப்புறம், "ஆமா, அவ நல்லாத் தூங்கிட்டா," என்றார்.