லேபிள் விழுந்த ஸ்லைடு: திசு பாக்க ஆரம்பிச்ச அஞ்சு வாரக் கதை

மைக்ரோஸ்கோப் கைக்கு வந்து அஞ்சு வாரம் ஆச்சு. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், எபிதீலியத் திசு (தோல், கன்னத்து உள்பக்கம் மாதிரி மேல மூடியிருக்கறது), இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு, உடம்பு மொத்தமும் இந்த நாலுக்குள்ள அடங்கிடும். அந்த நாலையும் ஒரு தடவையாவது நேர்ல பாத்துடணும்னுதான் ஆரம்பிச்சேன், ஒரு வாரத்துல முடிஞ்சிடும்னு வேற நெனச்சேன்.

முதல்ல எல்லாரும் பண்றதுதான், கன்னத்து உள்பக்கம். வாயை நல்லா கொப்பளிச்சுட்டு பட்ஸால லேசா தேய்ச்சு, ஸ்லைடுல தடவி, மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்ப பொத்துனு போட்டேன். பாத்தா கறுப்பு விளிம்போட உள்ள பளிச்சுனு அழகழகா வட்டம். அடடா செல்லுனு உக்காந்து அரை மணி நேரம் நோட்டுல வரைஞ்சேன். அத்தனையும் காத்துக் குமிழி! கவர் ஸ்லிப்ப ஒரு ஓரத்த ஸ்லைடுல ஊனிக்கிட்டு சாய்வா மெதுவா எறக்கணுமாம், ரெண்டாவது தடவை அப்படிப் பண்ணப்பதான் உண்மையான செல் வந்துச்சு. கசங்கின பேப்பர் மாதிரி, ஓரமெல்லாம் மடிஞ்சு, நடுவுல கருநீலமா ஒரு உட்கரு. அங்கங்க பொடிப்பொடியா புள்ளி, அது வாயில இருக்கற பாக்டீரியா, அத பாத்த அன்னிக்கு ராத்திரி கூடுதலா ரெண்டு நிமிஷம் பல்லு வெளக்கினேன்.

அளவும் எடுத்துப் பாத்தேன். 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் லென்ஸ்ல எனக்குத் தெரியற வட்டத்தோட விட்டம் சுமார் 450 மைக்ரோமீட்டர், குறுக்க வரிசையா வெச்சா ஏழெட்டு செல் புடிக்கும், அப்ப ஒரு செல் கிட்டத்தட்ட 60 மைக்ரோமீட்டர். ரத்தச் சிவப்பணு ஏழெட்டு மைக்ரோமீட்டர்தான், அதோட பாத்தா இது பெரிய பாய்!

நம்மகிட்ட இருந்து சுலபமா எடுக்க முடியறது இது ஒண்ணுதான், மத்ததுக்கு ரெடிமேட் ஸ்லைடு செட்டு வாங்கித்தான் ஆகணும். அங்கதான் அடி விழுந்துச்சு. புத்தகத்துல ஒவ்வொரு திசுவுக்கும் ஒரு கலர், ஒரு கட்டம். ஸ்லைடுல பாத்தா எல்லாமே ரோஸ். ஹீமடாக்சிலின், இயோசின்னு ரெண்டு சாயம் போட்டுருப்பாங்க, முதலாவது உட்கருவ நீல ஊதா ஆக்கும், ரெண்டாவது மத்ததெல்லாம் ரோஸ் ஆக்கும், அவ்ளோதான் கலரே. நாலஞ்சு மைக்ரோமீட்டர் தடிமனுக்கு சீவின துண்டு வேற, அதனால எந்தப் பக்கமா கத்தி போச்சுங்கறத பொறுத்து ஒரே திசு ஆளே மாறித் தெரியும். மூச்சுக்குழாய் ஸ்லைடுல உட்கரு மூணு நாலு மட்டத்துல இருக்கறத பாத்து பல அடுக்கு எபிதீலியம்னு எழுதி வெச்சேன், கடைசில அது ஒரே அடுக்குதான், எல்லா செல்லும் அடித்தளத்துல கால் ஊனிக்கிட்டு உயரம் மட்டும் முன்ன பின்ன இருக்கு. பொய் அடுக்கு எபிதீலியம்னு புத்தகத்துல பேரு வெச்சது சும்மா இல்ல.

இணைப்புத் திசுதான் என்னை ரொம்பக் கொழப்பினது. ரத்தமும் அது, எலும்பும் அது, குருத்தெலும்பும் அது, கொழுப்பும் அது, என்ன ஒத்துமைனு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல. கொஞ்ச நாள் பாத்தப்புறம்தான் ஒண்ணு பிடிபட்டுச்சு, செல்ல பாக்காம செல்லுக்கு நடுவுல என்ன இருக்குனு பாக்கணும். எபிதீலியத்துல செல்லும் செல்லும் ஒட்டி உக்காந்திருக்கும், நடுவுல எடமே இல்ல. இணைப்புத் திசுவுல அதுக்கு நேர்மாறு, செல் கொஞ்சம், நடுவுல நெறப்பி இருக்கற பொருள் நெறைய. ரத்தத்துல அந்தப் பொருள் பிளாஸ்மா, எலும்புல கால்சியம் உப்பு ஏறின கெட்டி, குருத்தெலும்புல ஜெல்லு மாதிரி. கொழுப்பு மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது, அதுல பூரா செல்லுதான், அதுவும் ஸ்லைடுல வெறும் வெள்ளை ஓட்டையா தெரியும், ஏன்னா ஸ்லைடு தயார் பண்றப்ப போடற ஆல்கஹாலும் சைலினும் உள்ள இருந்த கொழுப்ப கரைச்சுக் கொண்டு போயிடும்.

எலும்பு பத்தி தனியா ஒரு பதிவே போடலாம், மர வளையம் மாதிரி வட்டத்துக்குள்ள வட்டம், நடுவுல ரத்தக்குழாய் போற ஓட்டை. இப்ப வேணாம்.

தசை மூணுல எலும்புத்தசை வரி தெரியவே இல்லனு ரெண்டு நாள் திட்டிக்கிட்டே இருந்தேன். வரிக்கு வரி ரெண்டு ரெண்டரை மைக்ரோமீட்டர்தான் இடைவெளி, வெளிச்சம் ஜாஸ்தியா வெச்சா காணாமப் போயிடும், மேடைக்குக் கீழ இருக்கற டயாஃப்ரத்த நல்லா மூடினதும் புடவைக் கோடு மாதிரி எழும்பி வந்துச்சு. இதயத்தசைல வரியும் இருக்கு, கிளையும் பிரியுது, உட்கரு நடுவுல, அதனால அது கஷ்டம் இல்ல.

குடல் சுவர்ல இருக்கற மாதிரியான வரி இல்லாத தசை, அதான் மென்தசை, அதோட குறுக்குவெட்டுதான் புரியல, வட்டம் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, பாதிக்கு உட்கருவே இல்ல. சரினு களிமண்ணுல பண்ணிப் பாத்தேன். வெள்ளைக் களிமண்ண ரெண்டு முனையும் கூரா தக்ளி மாதிரி உருட்டி, ஒவ்வொண்ணு நடுவுலயும் சிவப்புக் களிமண் ஒரு விரல்நகம் அளவு பொதிச்சு, இருவது உருட்டி முன்ன பின்ன தள்ளி கட்டா அடுக்கி, நூலால குறுக்க அறுத்தேன். அறுத்த எடத்துல அச்சு அசலா ஸ்லைடுல பாத்ததேதான்! பெரிய வட்டத்துல சிலதுலதான் சிவப்புப் புள்ளி, சின்ன வட்டத்துல எதுவும் இல்ல, ஏன்னா அது முனைப்பக்கம். அந்த நூலுக்கு எவ்ளோ புண்ணியமோ.

இப்ப விஷயத்துக்கு வரேன். செட்டுல ஒரு ஸ்லைடுக்கு லேபிளே இல்ல, பசை காஞ்சு எங்கயோ விழுந்திருக்கு. பாத்தா ரோஸ் நார், அலை அலையா, ஒரே திசைல, நடுநடுவுல நீள உட்கரு. மென்தசைனு எழுதிட்டேன். மறுநாள் பாத்தா தசைநாண், அதாவது தசைய எலும்போட கட்டற நார், அது மாதிரி இருக்கு. அதுக்கு மறுநாள் நரம்புத்தண்டோனு சந்தேகம். இந்த மூணும் ரோஸ் சாயத்துல ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பொறந்த மாதிரி, புதுசா படிக்கறவங்க எல்லாரும் விழற குழி இதுதான்.

தசைநாண் பெரும்பாலும் கொலாஜன்ங்கற புரத நார்தான், அது துருவ ஒளில (ஒரே திசைல மட்டும் அதிரற ஒளி) மின்னும்னு படிச்சிருந்தேன். உடைஞ்சு போன போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒண்ணு கெடந்துச்சு, அதோட ரெண்டு கண்ணாடியையும் கழட்டி ஒண்ண விளக்கு மேலயும் இன்னொண்ண ஐபீஸ் மேலயும் வெச்சு, மேல இருக்கறத மெதுவா திருப்பினா ஒரு எடத்துல எல்லாம் இருட்டிடும். முழு இருட்டு இல்ல, பழுப்பா ஒரு இருட்டு, போதும். மர்ம ஸ்லைட வெச்சேன், ஒண்ணும் தெரியல. ஏமாந்து போய் ஸ்லைட எடுக்கப் போனவன் கை பட்டு அது சாய்வா திரும்பினதும் நார் அத்தனையும் வெள்ளி ஜரிகை மாதிரி பளபளனு எரிஞ்சுச்சு, குறுக்க குறுக்க கறுப்புப் பட்டையோட! நார் எந்தக் கண்ணாடியோட திசைக்கும் நேரா இருந்தா இருட்டாவே இருக்கும், 45 டிகிரி சாஞ்சாதான் உச்ச வெளிச்சம். கொலாஜன் மூலக்கூறு எல்லாம் ஒரே திசைல அடுக்கியிருக்கறதால ஒளியோட அதிர்வு மாறிப் போகுது, அதனால மேல் கண்ணாடிய தாண்டி வந்துடுது.

அப்பவும் எனக்கு நம்பிக்கை இல்ல, தசையும் மின்னினா? குடல் ஸ்லைட வெச்சேன், அதுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். சளிப்படலத்துக்கு அடில இருக்கற இணைப்புத் திசு நெருப்பு மாதிரி, வெளிப்பக்கத்து மென்தசை மங்கலா சாம்பல். அதோட தீர்ந்துச்சு. இப்ப பாத்தா உட்கருவும் காட்டிக் குடுக்குது, தசைநாண்ல அது கொஞ்சமா, நார்க்கட்டுக்கு நடுவுல நசுங்கி கோடு மாதிரி கெடக்கு, மென்தசைனா நாருக்குள்ளயே கொழுகொழுனு இருந்திருக்கணும்.

சந்தடி சாக்குல எலும்புத்தசையையும் வெச்சேன், ஒரு வரி வெளிச்சம் ஒரு வரி இருட்டு. அந்த வரிகளுக்கு ஏ பட்டை, ஐ பட்டைனு பேரு வந்ததே இந்தச் சோதனைலதான், ஒளி மாறினா அனைசோட்ரோபிக், அதான் ஏ, மாறலன்னா ஐசோட்ரோபிக், அதான் ஐ. மனப்பாடம் பண்ணப்ப யாரும் சொல்லல.

பேருனு சொன்னதும் ஞாபகம் வருது, மனுஷ உடம்ப திசு திசுவா முதல்ல பிரிச்சவர் பிரான்ஸ்காரர் பிஷா, 21 வகைனு கணக்கு சொன்னார், 1802ல 30 வயசுலயே போயிட்டார். மைக்ரோஸ்கோப்பையே நம்பாதவர் அவர்! திசுங்கறது பிரெஞ்சுல நெய்ததுன்னு அர்த்தம், இலங்கைத் தமிழ்ல இழையம்னு சொல்றாங்க, தசைநாண் மின்னினத பாத்தப்புறம் எனக்கு இழையம்தான் பொருத்தமா படுது.

ஸ்லைடுல பென்சிலால "தசைநாண், நானே கண்டுபுடிச்சது"னு எழுதி ஒட்டியாச்சு. நரம்புத்தண்டு ஸ்லைடுதான் பாக்கி, அதுல ஆக்ஸானச் (நரம்பு செல்லோட நீள இழை) சுத்தி உறையா இருக்கற மையலினும் பெரும்பாலும் கொழுப்புங்கறதால சைலின்ல போயிடுச்சு, நுரை மாதிரி மிச்சம்தான் இருக்கு. ரெண்டு தடவை வரைஞ்சு ரெண்டையும் அழிச்சுட்டேன்.